இயல் 5: துருப்பிடித்த பத்மினியை வீட்டிலேயே மீட்பது

பழைய பிரீமியர் பத்மினியின் எஞ்சினை மறுபடி ஓடவைப்பது பெரிய காரியமில்லை. தேடினால் உதிரிபாகம் கிடைக்கும். கை பழகிய மெக்கானிக்குகளும் இருக்கிறார்கள். வண்டியைக் காயலான் கடைக்கு அனுப்புவது பெரும்பாலும் அதன் பாடிதான். கதவின் அடியில் பெயிண்ட் கொப்புளிக்கும், ரப்பர் மேட்டைத் தூக்கினால் பழுப்புத் தூள் கொட்டும், டிக்கிக்குள் ஸ்டெப்னியின் கீழே தரை தெரியும். அந்த நிலையில் உள்ள வண்டியைச் சொந்தக் கையால் காப்பாற்ற நினைப்பவருக்காக எழுதப்பட்டது இந்த இயல்.

ஃபியட் 1100 டி மாடலை ஒட்டி 1964 முதல் மும்பை குர்லா ஆலையில் தயாரானது இந்த வண்டி. எழுபதுகளில் பத்மினி என்று பெயர் பெற்று, 2001 வரை வந்தது. லாரிக்கும் ஜீப்புக்கும் இருப்பதுபோல் இதற்குத் தனிச் சேசிஸ் கிடையாது. தரைத் தகரம், கதவுக்கு அடியில் ஓடும் பெட்டி வடிவச் சில், தூண்கள், கூரை எல்லாம் சேர்ந்துதான் வண்டியின் எலும்புக்கூடு. ஆகவே சில்லில் பிடித்த துருவை அழகுக் குறையாக நினைத்து விட்டுவிடக்கூடாது. அது வண்டியின் பலத்தைத் தின்கிறது. அம்பாசடருக்கும் மாருதி 800-க்கும் இதே கதைதான். கீழே சொல்லும் வரிசை அவற்றுக்கும் பொருந்தும்.

இந்த இயல் முழுவதற்கும் ஒரே விதி: தண்ணீர் எங்கே நுழைகிறது, எங்கே தேங்குகிறது, எந்த வழியாக வெளியேற வேண்டும் என்ற மூன்று கேள்விக்கும் விடை தெரியும்வரை பெயிண்ட் டப்பாவைத் திறக்காதீர்கள்.

துருவைப் பற்றி இவ்வளவு தெரிந்தால் போதும்

இரும்பு துருப்பிடிக்கத் தண்ணீரும் காற்றும் வேண்டும். உப்பு அதை விரைவுபடுத்தும். காற்றில் உள்ள ஈரத்தையும் தகரத்தின்மேல் இழுத்து வைத்துக்கொள்ளும். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி வண்டிகள் கோயம்புத்தூர் வண்டிகளைவிடச் சீக்கிரம் அரிக்கப்படுவது இதனால்தான்.

துருவுக்கு அது தின்ற இரும்பைவிடப் பல மடங்கு பருமன் உண்டு. அதனால்தான் பெயிண்டை மேலே தள்ளிக் கொப்புளமாக்குகிறது. வெளிப்பக்கம் பட்டாணி அளவு கொப்புளம் தெரிந்தால், உள்பக்கம் உள்ளங்கை அளவுக்கு அரித்திருக்கக்கூடும். இரண்டு தகரம் ஒன்றன்மேல் ஒன்று படியும் மடிப்புகளும், உள்ளே கூடாக இருக்கும் பெட்டிகளும்தான் துருவின் சொந்த வீடு.

காலமும் இடமும்

தமிழ்நாட்டில் இந்த வேலைக்கு ஏற்ற காலம் மாசி முதல் ஆனி வரை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பெயிண்ட் வேலையைத் தொடாதீர்கள். கழற்றுவது, சிறு பாகங்களைச் சுத்தம் செய்வது போன்றவற்றை அப்போது வைத்துக்கொள்ளுங்கள்.

ஈரப்பத மானி ஒன்றை வாங்கிக் கொட்டகையில் மாட்டுங்கள். காற்றின் ஈரப்பதம் 85 சதவீதத்துக்கு மேல் இருந்தால் பிரைமர் அடிக்க வேண்டாம். தகரத்தின் வெப்பம் பனிபடியும் வெப்பநிலையைவிடக் குறைந்தது 3 டிகிரி செல்சியஸ் கூடுதலாக இருக்க வேண்டும் என்பது பூச்சு வேலையில் பொதுவான கணக்கு. கடலோர ஊர்களில் காலை பத்து மணிக்கு முன்னும் மாலை நான்கு மணிக்குப் பின்னும் பூச்சு வேலையைத் தவிர்த்தாலே பாதிச் சிக்கல் தீரும்.

கொட்டகைத் தரை மண்ணாக இருந்தால் கனமான பாலித்தீன் ஷீட்டை விரித்து, அதன்மேல் பழைய பலகைகளைப் போட்டு வண்டியை நிறுத்துங்கள். மண்ணிலிருந்து ஏறும் ஈரம் நேராக வண்டியின் அடியில்தான் போய்ப் படியும். வெல்டிங் நாளில் மட்டும் அந்த ஷீட்டைச் சுருட்டி வெளியே வைத்துவிட வேண்டும்.

தேவையான சாமான்கள்

- 2 டன் தாங்கும் ஸ்டாண்ட் நான்கு, ஹைட்ராலிக் ஜாக்கி ஒன்று, சக்கரத்துக்குத் தடைக்கட்டை நான்கு
- 4 அங்குல ஆங்கிள் கிரைண்டர், அதற்கான கம்பி பிரஷ், ஃபிளாப் டிஸ்க், கட்டிங் டிஸ்க்
- கை கம்பி பிரஷ், சுரண்டி, முனை மழுங்கிய பழைய ஸ்க்ரூ டிரைவர், சிறு காந்தம்
- எமரி ஷீட் 80, 120, 180. வாட்டர் பேப்பர் 320, 400, 600
- எபாக்ஸி பிரைமர், மடிப்புக்குப் பூசும் சீலர், உள்குழி மெழுகு, அடிப்பாகப் பூச்சு
- முகத்தை முழுதாக மறைக்கும் கவசம், கண்ணாடி, காதடைப்பான், தோல் கையுறை, நைட்ரைல் கையுறை
- தூசுக்கு என்95 முகமூடி. பிரைமருக்கும் தின்னருக்கும் கரிம ஆவி வடிகட்டி பொருத்திய அரைமுக முகமூடி
- ஏ.பி.சி. பவுடர் தீயணைப்பான் ஒன்று, ஒரு வாளி மணல், ஒரு வாளி தண்ணீர்
- ஜிப்லாக் கவர்கள், மார்க்கர் பேனா, கேமரா உள்ள கைபேசி

பணம் குறைவாக இருந்தால் பெயிண்டில் மிச்சம் பிடியுங்கள்; ஸ்டாண்டிலும் முகக் கவசத்திலும் மிச்சம் பிடிக்காதீர்கள்.

வேலைக்கு முன் பாதுகாப்பு

1. ஜாக்கி தூக்குவதற்கு மட்டும், தாங்குவதற்கு ஸ்டாண்ட். ஏறக்குறைய 900 கிலோ எடையுள்ள வண்டி இது. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் தலையை விடாதீர்கள். செங்கல், ஹாலோ பிளாக் இரண்டும் சொல்லாமல் உடையும்.

2. துருப்பிடித்த சில்லின் அடியிலோ பழைய ஜாக்கி பாயின்டிலோ ஸ்டாண்டை வைக்காதீர்கள். தகரம் உள்ளே நொறுங்கிவிடும். பின்புறம் ஆக்ஸில் குழாயின் அடியிலும், முன்புறம் கெட்டியான குறுக்கு விட்டத்தின் அடியிலும் வையுங்கள். ஸ்டாண்ட் வைத்ததும் வண்டியைக் கையால் பலமாக ஆட்டிப் பார்த்துவிட்டு அடியில் போங்கள்.

3. பாடியோடு சேரும் எர்த் வயரை முதலில் கழற்றிவிட்டு, பிறகு பேட்டரியை வெளியே எடுங்கள்.

4. கிரைண்டர், வெல்டிங் வேலை இருந்தால் பெட்ரோல் டேங்கை வண்டியிலிருந்து இறக்கிக் கொட்டகைக்கு வெளியே, தீப்பொறி எட்டாத தூரத்தில் வையுங்கள். காலி டேங்க் ஆபத்தில்லை என்று நினைக்க வேண்டாம். நிறைந்த டேங்கைவிட ஆவி தங்கிய காலி டேங்க்தான் வெடிக்கும். எரிபொருள் குழாய்களின் முனைகளையும் அடைத்து விடுங்கள். டேங்கில் ஓட்டை இருந்தால் வீட்டில் வெல்ட் வைக்கவே கூடாது.

5. பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். உலர்ந்த நிலையில் தேய்க்காதீர்கள். தண்ணீர் தொட்டுத் தேயுங்கள். தூசைத் துடைப்பத்தால் கூட்டாமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் கொட்டகைக்குள் வரக்கூடாது. வேலை உடையோடு சமையலறைக்குள் போகாதீர்கள்.

6. தனியாளாக வெல்டிங் செய்யாதீர்கள். இன்னொருவர் தீயணைப்பானோடு வண்டியின் மறுபக்கத்தில் நிற்க வேண்டும்.

படி 1: பதிவு செய்தல்

ஒரு போல்ட்டைக் கழற்றுவதற்கு முன்பே படம் எடுங்கள். வண்டியின் நான்கு பக்கம், கதவு இடைவெளிகள், வயர் போகும் வழி, ரப்பர் பீடிங் உட்கார்ந்திருக்கும் விதம் எல்லாவற்றுக்கும் படம் வேண்டும். கழற்றும் ஒவ்வொரு பாகத்தின் திருகுகளையும் தனித்தனி ஜிப்லாக் கவரில் போட்டு, எந்தப் பக்கம், எந்த இடம் என்று மார்க்கரில் எழுதுங்கள்.

சேசிஸ் எண் அடித்திருக்கும் இடத்தைக் கண்டுபிடித்துப் படம் எடுத்து, பென்சில் பிரிண்டும் எடுத்து வைத்துவிட்டு, அதன்மேல் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். கிரைண்டர் அங்கே படவே கூடாது. அந்த எண் அழிந்தால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வண்டியின் அடையாளத்தை நிரூபிப்பது கடினம். நிறத்தை மாற்றப்போகிறீர்கள் என்றால், ஆர்.சி.யில் அதைப் பதிவு செய்ய வேண்டும் என்பதையும் இப்போதே நினைவில் வையுங்கள்.

படி 2: துரு எங்கே என்று தேடுதல்

சீட்டுகள், ரப்பர் மேட், அதன் அடியில் உள்ள ஃபெல்ட், கதவுப் பலகைகள், ஸ்டெப்னி, பேட்டரித் தட்டு அனைத்தையும் எடுத்துவிடுங்கள். ஃபெல்ட்டை மறுபடி பயன்படுத்த நினைக்காதீர்கள். ஒருமுறை நனைந்த ஃபெல்ட் மாதக்கணக்கில் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும்.

பிறகு காந்தத்தையும் ஸ்க்ரூ டிரைவரையும் எடுத்துக்கொண்டு உட்காருங்கள். கதவின் அடிப்பகுதியிலிருந்து ஆரம்பிக்கலாம். காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி, கைப்பிடி மட்டத்திலிருந்து மெதுவாகக் கீழே இழுங்கள். நல்ல தகரத்தில் அது இறுகப் பிடித்துக்கொண்டே வரும். ஓரிடத்தில் பிடி தளர்ந்து நழுவினால், அங்கே பெயிண்டுக்கு அடியில் இருப்பது பட்டி. அந்த இடத்தைச் சாக்பீஸால் வட்டமிடுங்கள். அடுத்து, ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் கதவின் அடி மடிப்பு நெடுகத் தட்டிக்கொண்டே போங்கள். கெட்டியான இடம் ‘டண்’ என்று கணீரென ஒலிக்கும். அரித்த இடம் ‘பொத்’ என்று அமுங்கும். அங்கே முனையை வைத்து அழுத்தினால் பெயிண்ட் தோலை மட்டும் கிழித்துக்கொண்டு உள்ளே போய்விடும். கறுத்த சேறும் செதில் செதிலான துருவும் வெளியே வரும். அந்தச் சேறுதான் குற்றவாளி: தூசும் இலைச்சருகும் சேர்ந்து வடிகால் துளையை அடைத்ததால் மழைநீர் உள்ளேயே தங்கியிருக்கிறது.

இதேபோல் சோதிக்க வேண்டிய இடங்கள்:

- இருபுறச் சில், அதன் இரண்டு முனைகள், ஜாக்கி பாயின்ட்
- ஓட்டுநரும் பயணியும் கால் வைக்கும் தரை
- சக்கர வளைவுகளின் உள் ஓரம். மட்கார்டு பாடியோடு சேரும் மடிப்பு
- முன், பின் கண்ணாடி பீடிங்கின் கீழ் ஓரம்
- பேட்டரித் தட்டும் அதன் கீழ்த் தகரமும்
- டிக்கித் தரை, ஸ்டெப்னி குழி
- பின் லீஃப் ஸ்பிரிங் பாடியோடு மாட்டும் இடங்கள்
- பிரேக், பெட்ரோல் குழாய்கள்

பிரேக் குழாயில் துருப் பள்ளம் தெரிந்தால் தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டாம்; மாற்றிவிடுங்கள். தேய்க்கத் தேய்க்க அதன் சுவர் மெலியும்.

படி 3: தரம் பிரித்தல்

கண்டுபிடித்த ஒவ்வோர் இடத்தையும் ஒரு தாளில் வண்டியின் வடிவம் வரைந்து குறியுங்கள். மூன்றே தரம் போதும்.

முதல் தரம்: மேல்துரு. தேய்த்தால் போய்விடும், தகரம் வழவழப்பாக இருக்கும். இதை முழுதாக நீங்களே செய்யலாம்.

இரண்டாம் தரம்: பள்ளத் துரு. சிறு குழிகள் இருக்கும், ஓட்டை இல்லை, அழுத்தினால் அமுங்காது. இதையும் நீங்களே செய்யலாம், பொறுமைதான் வேண்டும்.

மூன்றாம் தரம்: ஓட்டை, அல்லது அழுத்தினால் வளையும் மெலிந்த தகரம். வெட்டி எடுத்துப் புதுத் தகரம் வெல்ட் வைக்க வேண்டும். மட்கார்டு, கதவின் வெளித்தகரம் என்றால் பழகிய கைக்கு வீட்டில் முடியும். சில், ஸ்பிரிங் மாட்டும் இடம், சஸ்பென்ஷன் தாங்கும் விட்டம் என்றால் அனுபவமுள்ள டிங்கரிடம் கொடுங்கள். வெட்டுவதற்கு முந்தைய வேலையையும் வெல்டிங்குக்குப் பிந்தைய வேலையையும் நீங்கள் வைத்துக்கொண்டாலே செலவு நன்றாகக் குறையும்.

படி 4: கழுவுதல்

1. அடிப்பாகத்தில் காய்ந்த சேற்றைச் சுரண்டி எடுத்துவிட்டு, அழுத்தமான தண்ணீரில் கழுவுங்கள். சக்கர வளைவின் உள் உதடு, சில்லின் முனை போன்ற இடங்களில் விரலை விட்டுப் பாருங்கள். அங்கே எப்போதும் ஒரு கைப்பிடி மண் மிச்சமிருக்கும்.

2. எண்ணெய்ப் பிசுக்கை டிகிரீசரால் நீக்குங்கள். தேய்ப்பதற்கு முன்பே பிசுக்கு போக வேண்டும். இல்லையென்றால் எமரி ஷீட் பிசுக்கைத் தகரத்துக்குள் தேய்த்து ஏற்றிவிடும்.

3. கடைசி அலசல் நல்ல தண்ணீரில்தான். கடலோரப் பகுதியின் போர் தண்ணீர் உப்புத் தண்ணீராக இருந்தால், அதில் அலசிய தகரத்தில் உப்பைத் தடவியதுபோல் ஆகிவிடும். குடிக்கும் தண்ணீர் நான்கு குடம் தனியாக எடுத்து வையுங்கள்.

4. வெயிலில் முழுதாகக் காயவிடுங்கள். மடிப்புகளுக்குள் கம்ப்ரெசர் காற்றை விட்டு ஊதினால் மறைந்திருக்கும் தண்ணீர் வெளியே வரும்.

படி 5: வடிகால் துளைகளைத் திறத்தல்

இது மிக மலிவான வேலை. மிக அதிகப் பலன் தரும் வேலையும் இதுதான். கதவு ஒவ்வொன்றின் அடியிலும், சில்லின் அடியிலும், டிக்கிக் குழியிலும் ஆலையிலேயே விட்ட துளைகள் இருக்கும். பழைய பூச்சும் சேறும் அவற்றை மூடியிருக்கும். கெட்டியான கம்பியை விட்டுக் குத்தித் திறந்து, கதவின் மேலே ஜன்னல் இடுக்கு வழியாக ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். ஊற்றிய தண்ணீர் ஒழுகி வெளியே வர வேண்டும். உள்ளேயே நின்றுவிட்டால் துளை இன்னும் திறக்கவில்லை. எல்லாத் துளைகளையும் படத்தில் குறித்து வையுங்கள். பூச்சு வேலை முடிந்தபின் மறுபடி சோதிக்க வேண்டும்.

படி 6: துருவை நீக்குதல்

1. தளர்ந்த செதில்களைச் சுரண்டியாலும் கை பிரஷாலும் எடுங்கள்.

2. அந்த இடத்துப் பெயிண்டைத் தண்ணீர் தொட்டுத் தேய்த்து எடுத்துக் காயவைத்தபின், கிரைண்டரில் கம்பி பிரஷைப் பொருத்தி, கார்டைக் கழற்றாமல் வேலை செய்யுங்கள். பிரஷின் கம்பிகள் பிய்ந்து ஊசியாகப் பறக்கும். முகக் கவசமும் கெட்டியான முழுக்கைச் சட்டையும் இல்லாமல் சுவிட்சைப் போடாதீர்கள். தளர்ந்த துணி, துண்டு, நீளமான முடி எதுவும் அருகில் வரக்கூடாது.

3. கம்பி பிரஷ் துருவை நீக்குவதோடு சில இடங்களில் அதைத் தேய்த்துப் பளபளப்பாக்கியும் விடும். பழுப்பு மினுமினுப்பாகத் தெரிந்தால் துரு இன்னும் இருக்கிறது என்று பொருள். அங்கே 80 எமரி ஷீட்டால் சாம்பல் நிறத் தகரம் தெரியும்வரை தேயுங்கள்.

4. ஃபிளாப் டிஸ்க்கை ஒரே இடத்தில் அழுத்திப் பிடிக்காதீர்கள். தகரம் சூடேறி நெளியும், மெலியும்.

5. கண்ணாடிகளைக் கழற்றவில்லை என்றால் நனைத்த சாக்கால் மூடுங்கள். கிரைண்டர் பொறி கண்ணாடியில் பதிந்துவிட்டால் எதைக் கொண்டும் எடுக்க முடியாது.

6. எட்டாத குழிகளில் துரு மிச்சமிருந்தால் பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு நீக்கியைத் தூரிகையால் தடவி, டப்பாவில் சொன்ன நேரம் விட்டு, நன்றாக அலசிக் காயவையுங்கள். அமிலத்தின் மிச்சம் இருந்தால் எபாக்ஸி பிரைமர் ஒட்டாமல் உரிந்துவரும்.

எச்சரிக்கை: குளியலறை கழுவும் ஆசிட்டைத் தகரத்தில் ஊற்றாதீர்கள். துரு போவது உண்மைதான். ஆனால் அதன் ஆவி கொட்டகையில் உள்ள ஸ்பேனர் முதல் எல்லா இரும்பையும் துருப்பிடிக்க வைக்கும். மடிப்பில் தங்கும் குளோரைடு, சில மாதத்தில் துருவை மறுபடி கொண்டுவரும்.

படி 7: சிறு பாகங்களுக்கு எலுமிச்சை உப்புக் குளியல்

கதவுக் கீல், பிராக்கெட், தாழ்ப்பாள் போன்றவற்றுக்கு இந்த வழி எளிது. மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று விற்கும் சிட்ரிக் அமிலத்தை ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் வீதம் பிளாஸ்டிக் வாளியில் கரையுங்கள். பிசுக்கு நீக்கிய பாகத்தை அதில் மூழ்கவிட்டு, சில மணி நேரத்துக்கு ஒருமுறை எடுத்துப் பிரஷால் தேய்த்துப் பாருங்கள். ஓர் இரவுக்கு மேல் விட வேண்டாம். துரு போனபின் அமிலம் நல்ல இரும்பைத் தின்னத் தொடங்கும். எடுத்ததும் சமையல் சோடா கரைத்த தண்ணீரில் முக்கி, நல்ல தண்ணீரில் அலசி, உடனே துடைத்து வெயிலில் வையுங்கள். அன்றே பிரைமர் அல்லது எண்ணெய் பூச வேண்டும்.

ஸ்பிரிங்குகளையும் அதிக பலமுள்ள போல்ட்டுகளையும் அமிலத்தில் போடாதீர்கள்; உடையும் தன்மை வந்துவிடும். அலுமினியம், துத்தநாக முலாம் பூசிய பாகங்களும் இதில் கெடும்.

சலவை சோடாக் கரைசலில் 12 வோல்ட் மின்சாரம் விட்டுத் துரு நீக்கும் முறையும் உண்டு. அதைச் செய்வதானால் இரண்டு எச்சரிக்கை: எதிரே தொங்கவிடும் தகடாக எவர்சில்வரைப் பயன்படுத்தாதீர்கள், விஷமான குரோமியம் கரைசலில் கலக்கும். ஹைட்ரஜன் வாயு வெளிவரும், எனவே திறந்த வெளியில் செய்யுங்கள். அருகில் தீ கூடாது.

படி 8: ஓட்டை அடைத்தல்

1. வெட்டும்போது துருவின் ஓரத்தோடு நிற்காமல், பளிச்சென்ற கெட்டித் தகரம் வரும்வரை வெட்டுங்கள். மெலிந்த ஓரத்தில் வெல்ட் வைத்தால் அது உருகி ஓட்டை பெரிதாகும்.

2. அட்டையில் அச்சு வெட்டி, அதை வைத்துப் புதுத் தகரம் வெட்டுங்கள். வெளிப்பாகங்களுக்கு 20 கேஜ், தரைக்கு 18 கேஜ் சி.ஆர். ஷீட் பொருந்தும். ஜி.ஐ. ஷீட் வேண்டாம்; அதன் துத்தநாகம் எரிந்து வரும் வெண்புகை காய்ச்சலும் குளிரும் தரும்.

3. மெல்லிய தகரத்துக்கு மிக் வெல்டிங் ஏற்றது. ஓர் ஓரத்தில் தொடங்கி ஒரே கோடாக இழுக்காதீர்கள். எதிரெதிர் மூலைகளில் புள்ளி வைத்து, இடைவெளியை மாறி மாறி நிரப்பி, ஒவ்வொரு புள்ளியும் ஆறியபின் அடுத்ததற்குப் போங்கள். எர்த் கிளாம்பை வெல்ட் வைக்கும் இடத்துக்கு அருகிலேயே மாட்டுங்கள்.

4. வெல்ட் வைக்கும் இடத்தின் மறுபக்கத்தைப் பார்த்தீர்களா? வயர், ரப்பர், பழைய தார்ப்பூச்சு எல்லாம் அங்கே தீப்பிடிக்கும். முன்பே அகற்றுங்கள். வேலை முடிந்தபின் ஒரு மணி நேரம் கொட்டகையை விட்டு நகராதீர்கள்.

5. குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைத்த தகரத்தில் வெல்ட் வைக்கக்கூடாது. வெல்டிங் வெளிச்சமும் சூடும் அதை நச்சு வாயுவாக மாற்றும்.

சில் வெட்டுகிறவர் யாராக இருந்தாலும் இதைக் கவனித்துக் கேளுங்கள்: வெட்டுவதற்கு முன் கதவு வாயிலுக்குக் குறுக்கே இரும்புக் குழாய் கொண்டு முட்டுக் கொடுக்க வேண்டும், வண்டி ஆக்ஸில்களின்மேல் மட்டமாக நிற்க வேண்டும். ஒரு பக்கச் சில்லை முடித்தபின்தான் மறுபக்கம் தொட வேண்டும். புதுச் சில்லைப் புள்ளி வைத்துப் பிடித்ததும் கதவை மாட்டிச் சாத்திப் பாருங்கள். முட்டு இல்லாமல் வெட்டிய வண்டி நடுவில் தொய்ந்துவிடும். முழு வெல்டும் வைத்தபிறகு அந்தத் தொய்வை எடுக்க முடியாது.

படி 9: பிரைமர், சீலர், பட்டி

வெறும் தகரத்தை ஒரு ராத்திரிகூட விட்டு வைக்காதீர்கள். கடற்காற்றில் காலையில் தேய்த்த இடம் மாலைக்குள் பழுப்பேறும். ஒரு நாளில் பிரைமர் அடித்து முடிக்கக்கூடிய அளவுக்கே தேய்ப்பதுதான் சரியான திட்டம்: இன்று ஒரு கதவு, நாளை இன்னொன்று.

வரிசை இதுதான்:

1. சிலிகான் இல்லாத துடைப்புத் திரவத்தால் துடையுங்கள். ஒரு துணியால் தடவி, காய்வதற்குள் இன்னொரு சுத்தமான துணியால் ஒற்றி எடுங்கள். அதற்குப் பிறகு வெறுங்கையால் தொடாதீர்கள். வியர்வையிலும் உப்பு உண்டு.

2. எபாக்ஸி பிரைமர் இரண்டு கோட். கலவை விகிதமும் இரண்டு கோட்டுக்கு நடுவே விடும் நேரமும் டப்பாவில் உள்ளபடியே. கண்ணளவு வேண்டாம், அளவுக் குவளையில் அளந்து கலக்குங்கள். சிறு இடங்களுக்குத் தூரிகையே போதும்.

3. பிரைமர் காய்ந்தபின் எல்லாத் தகர மடிப்புகளிலும் சீலரை இழுத்து, நைட்ரைல் கையுறை போட்ட விரலால் அழுத்தி விடுங்கள். வடிகால் துளை இருக்கும் இடத்தில் இடைவெளி விட மறக்காதீர்கள்.

4. பட்டி பார்ப்பது பிரைமருக்கு மேல்தான். பட்டி பஞ்சுபோல் ஈரத்தை உறிஞ்சும். வெறும் தகரத்தில் போட்டால் அடியில் துரு விளையும். 3 மில்லிமீட்டருக்கு மேல் தடிமன் தேவைப்பட்டால், தகரத்தை இன்னும் தட்டி நிமிர்த்த வேண்டியிருக்கிறது என்று அர்த்தம்.

5. மேலே இன்னொரு பிரைமர் கோட், 400 வாட்டர் பேப்பர் தேய்ப்பு, பிறகு நிறம்.

ரெட் ஆக்ஸைடு பிரைமரை மட்டும் அடித்துவிட்டு மழைக்காலம் முழுக்க வண்டியை விட்டு வைப்பது நம் ஊரில் அடிக்கடி நடக்கும் தவறு. அது ஈரத்தை உள்ளே விடும். அடியில் துரு ஓடிக்கொண்டேயிருக்கும்.

எச்சரிக்கை: ஹார்டனர் கலக்கும் 2கே மேல்பெயிண்டில் ஐசோசயனேட் உண்டு. சாதாரண முகமூடி அதற்குப் போதாது. நுரையீரலுக்கு நிரந்தரக் கேடு வரலாம். வெளியிலிருந்து காற்று தரும் முகமூடி இல்லாத வீட்டுக் கொட்டகையில் அதை ஸ்பிரே செய்யாதீர்கள். பிரைமர் வரை நீங்கள் முடித்து, கடைசி நிறத்தைப் பெயிண்ட் பூத் உள்ள பட்டறையில் அடித்துக்கொள்ளுங்கள். எபாக்ஸி டப்பாவிலும் எச்சரிக்கை வரிகளைப் படித்துவிட்டுத்தான் திறக்க வேண்டும்.

படி 10: உள்குழிகளுக்கு மெழுகு

சில், கதவின் உட்புறம், தூண்களின் அடி, பானெட்டின் உள்விட்டம் ஆகியவற்றில் பெயிண்ட் எட்டாது. அவற்றுக்கு உள்குழி மெழுகு. வண்டிக்கு நிறம் அடித்து, பெயிண்ட் நன்றாக இறுகியபிறகே இதைச் செய்யுங்கள். மெழுகு தொட்ட இடத்தில் பெயிண்ட் ஒட்டாது.

1. டப்பாவை வெந்நீர் வாளியில் வைத்துக் கொஞ்சம் இளக்குங்கள். அடுப்பிலோ நேரடித் தீயிலோ காட்டக்கூடாது.

2. சுற்றிலும் தெளிக்கும் முனை கொண்ட நீளக் குழாயைத் துளை வழியாகக் கடைசிவரை நுழைத்து, அழுத்திக்கொண்டே மெதுவாக வெளியே இழுங்கள்.

3. வடிகால் துளை வழியாக மெழுகு சொட்டுவது நல்ல அறிகுறி. மெழுகு மடிப்பின் அடிவரை போய்விட்டது. சொட்டு நின்றபின் துளையைக் கம்பியால் திறந்து விடுங்கள்.

4. அடிப்பாகப் பூச்சை இதற்குப் பிறகு அடியுங்கள். சைலன்சர், பிரேக் டிரம், புரொப்பெல்லர் ஷாஃப்ட், ஹேண்ட்பிரேக் கேபிள், ரப்பர் புஷ்கள், வடிகால் துளைகள் ஆகியவற்றை முன்பே டேப்பால் மறைத்து வையுங்கள்.

அடிக்கடி நடக்கும் தவறுகள்

- துருவின்மேல் நேராகத் தார்ப்பூச்சு அடிப்பது. வெளியே கறுப்பாகப் புதிதாகத் தெரியும். உள்ளே ஈரம் சிறைப்பட்டு, அரிப்பு கண்ணுக்குத் தெரியாமல் தொடரும்.
- கழிவு எஞ்சின் ஆயிலைத் தெளிப்பது. அதில் அமிலமும் தோலுக்குக் கேடான பொருள்களும் உண்டு. ரப்பரையும் கெடுக்கும், மண்ணிலும் சொட்டும்.
- பழைய ரப்பர் பீடிங்கையே மறுபடி மாட்டுவது. கண்ணாடி வழியாக நுழையும் தண்ணீர்தான் பல வண்டிகளில் கால்தரையை அரிக்கிறது.
- கதவுப் பலகைக்குப் பின்னால் இருந்த பாலித்தீன் தாளை மறுபடி ஒட்டாமல் விடுவது. ஜன்னலில் வழியும் மழைநீர் பலகையை நனைத்து உள்ளே இறங்கும்.
- வண்டி முழுவதையும் ஒரே நேரத்தில் பிரிப்பது. பாதியில் நின்ற வண்டிகள் பெரும்பாலும் இப்படித்தான் நின்றன. ஒரு பகுதியைப் பிரைமர்வரை முடித்துவிட்டு அடுத்ததைத் தொடுங்கள்.
- மூச்சுவிடாத பிளாஸ்டிக் கவரால் வண்டியை மூடுவது. காலைப் பனி உள்ளேயே வியர்த்து நிற்கும். காற்றோட்டமுள்ள துணிக் கவரே நல்லது.

வருடாந்தரக் கவனிப்பு

புரட்டாசி: மழைக்கு முன் எல்லா வடிகால் துளைகளிலும் கம்பியை விட்டுப் பாருங்கள். அடிப்பாகப் பூச்சில் கல்பட்ட காயங்களைத் தேய்த்து, பிரைமர் தொட்டு, பூச்சை நிரப்புங்கள். கண்ணாடி பீடிங்கின்மேல் தண்ணீர் விட்டு, உள்ளே கசிகிறதா என்று இன்னொருவரை உட்காரவைத்துப் பாருங்கள்.

மழைக்காலத்தில்: தேங்கிய தண்ணீரில் ஓட்டியிருந்தால் அன்றே அடியை நல்ல தண்ணீரில் கழுவி, மேட்டுகளைத் தூக்கி வெயில் காட்டுங்கள். கடற்கரைச் சாலையில் போய்வந்தாலும் இதே கழுவல்.

தை: மழை விட்டபின் காந்தம், ஸ்க்ரூ டிரைவர் சோதனையை முழு வண்டிக்கும் ஒருமுறை செய்யுங்கள். புதிதாகக் கண்ட இடங்களை அதே பழைய படத்தில் வேறு நிறத்தில் குறியுங்கள்.

இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை: கதவிலும் சில்லிலும் மெழுகைப் புதுப்பியுங்கள்.

இந்த அட்டவணையைக் கொட்டகைச் சுவரில் ஒட்டி, செய்த தேதியை எதிரே எழுதிக்கொண்டே வாருங்கள். பத்மினிக்குப் புதுப் பாடி இனி எந்த ஆலையிலிருந்தும் வரப்போவதில்லை. இருக்கும் தகரம்தான் வண்டி. அதை உலர்வாக வைத்திருக்கும் பொறுப்பு உங்களுடையது. இந்த இயலில் சொன்ன கருவிகளும் ஆண்டுக்குச் சில நாள் உழைப்பும் அதற்குப் போதும்.